சொன்னது சொன்னபடி

மருந்துப் பாதுகாப்பு வாரியத்தின் கூட்டங்களில் இருபத்திரண்டு வருடங்களாக யாரும் ஓர் அசட்டு வார்த்தைகூடப் பேசியதில்லை. நடவடிக்கைக் குறிப்பேடுகளைப் புரட்டுகிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அந்தக் குறிப்புகளை எழுதியவள் சுருக்கம்மா.

அவள் பதவியின் பெயர் சுருக்கெழுத்தாளர். அதை முழுதாகச் சொல்ல வாரியத்தில் யாருக்கும் நேரம் இல்லாததால் சுருக்கம்மா ஆகிவிட்டாள். தலைவருக்கு இடப்பக்கம், கை வைக்காத நாற்காலியில், மடியில் நோட்டோடு உட்காருவாள். அவர்கள் பேசுவதைக் காதில் வாங்கி, அவர்கள் பேசியிருக்க வேண்டியதைத் தாளில் கொண்டுவருவது அவள் வேலை. "இந்த ஆளு உயிரை எடுக்கறான், எதையாவது சொல்லித் துரத்துங்க" என்று தலைவர் சொன்னால், "மனுதாரரின் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது" என்று எழுதுவாள். குழு உறுப்பினரான பேராசிரியர் குறட்டை விட்டால், "பேராசிரியர் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை." அதில் பொய் எதுவும் இல்லை. குறட்டையை ஆட்சேபம் என்று யாரும் சொல்ல முடியாது.

கொடியிடை மாத்திரை வாரியத்துக்கு வந்த நாளும் அப்படித்தான் போனது. உடல் எடையைக் குறைக்கும் மாத்திரை, முழுக்க மூலிகை என்று பெட்டியில் போட்டிருந்தது. தலைவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கலர் நல்லாருக்கு" என்றார். சட்ட ஆலோசகர், பரிசோதனைக்கூட அறிக்கை இன்னும் வரவில்லையே என்றார். "வரும்போது வரட்டும். அது வர்றதுக்குள்ள ஊரே இளைச்சிடும்" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். பிஸ்கட் வந்தது. பதினோரு நிமிடத்தில் எழுந்துவிட்டார்கள். கதவருகே தலைவர் திரும்பி, "சுருக்கம்மா, நல்லதா ஒரு வரி போட்டு முடிச்சிடுங்க" என்றார்.

அவள் நல்லதாக ஒரு வரி போட்டாள். "மாதிரிகள் விரிவாக ஆய்வு செய்யப்பட்டன. குழு முழுத் திருப்தி தெரிவித்தது."

அடுத்த மாதத்திலிருந்து கொடியிடைப் பெட்டிகளில் பொன்னிற முத்திரை ஒன்று ஏறியது. "வாரியத்தால் ஆய்வு செய்யப்பட்டது."

சுருக்கம்மாவின் தங்கை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நாற்பத்து மூன்று வயது. ரத்த அழுத்தத்துக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறவள். கடை முதலாளி ஊழியர்களுக்கெல்லாம் நீல நிறக் கோட்டு தைத்துக் கொடுத்தார். செலவை மிச்சம் பிடிக்க இரண்டே அளவில் தைத்திருந்தார். தங்கைக்குப் பெரிய அளவிலும் பொத்தான் போட முடியவில்லை. "கோட்டை மாத்த முடியாதும்மா, உடம்பை மாத்திக்கோங்க" என்றார் முதலாளி. அன்று சாயங்காலமே அவள் மருந்துக்கடைக்குப் போனாள். அங்கிருந்து அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, கொடியிடைன்னு ஒண்ணு விக்கறாங்க. நான் பிரஷர் மாத்திரை சாப்பிடறேனே, இதையும் சாப்பிடலாமா?"

சுருக்கம்மா அப்போது ஓர் அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். "ம்" என்றாள்.

"உங்க ஆபீஸ் முத்திரை போட்டிருக்கே. அப்ப பயமில்லதானே?"

"ம்" என்றாள் இரண்டாவது முறையும்.

முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது. கோட்டுக்குப் பொத்தான் விழுந்தது. முதலாளி பாராட்டினார். மூன்றாவது வாரம் தூக்கம் போனது. கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடித்தன. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளைப் படித்துப் பார்க்கலாம் என்றால் எழுத்து எறும்புக் கால் அளவு இருந்தது. கடையில் இருந்த பலமான கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "இவை மருந்து வேலை செய்வதன் அறிகுறிகள்" என்று எழுதியிருந்தது. ஐந்தாவது வாரம், ஒரு வாடிக்கையாளரின் காதில் ஃபிரேமைச் சரி செய்துகொண்டிருந்தவள், அந்தக் காதையே பிடித்துக்கொண்டு கீழே சரிந்தாள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா நேரடியாகப் பேசினார்.

"இதுல மூலிகையும் இருக்கு. அதோட பசியை அடக்கற ஒரு ரசாயனமும் கலந்திருக்காங்க. அது பிரஷரை ஏத்தும், இதயத்தை விரட்டும். நீர் பிரிய வைக்கிற மருந்தும் இருக்கு. உடம்புல இருந்து தண்ணி போச்சு, எடை முள்ளு இறங்கிச்சு, கொழுப்பு இருந்த இடத்துலயே இருக்கு. தண்ணியோட உப்புச் சத்தும் போனதுல இதயத்துடிப்பு தாறுமாறாயிடுச்சு. ஏற்கெனவே பிரஷருக்கு மருந்து சாப்பிடறவங்க இதைத் தொடவே கூடாது."

"எடை குறைய மாத்திரையே சாப்பிடக் கூடாதா டாக்டர்?" என்று படுக்கையிலிருந்து கேட்டாள் தங்கை.

"அப்படி நான் சொல்லலயே. இருக்கு. ரத்தம் பாத்து, பிரஷர் பாத்து, வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டு, மாசாமாசம் வரச் சொல்லிக் குடுக்கறது இருக்கு. முத்திரையைப் பாத்து நீங்களா வாங்கிச் சாப்பிடறது அது இல்ல. சரி, யார் இதுக்கு முத்திரை குடுத்தது? குடுத்தவன் கையில கிடைச்சா தெரியும்."

டாக்டரம்மா போன பிறகு சுருக்கம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்த வரியை எழுதினது நான்தான்."

"எந்த வரி?"

"முழுத் திருப்தின்னு. அவங்க ஒண்ணும் சொல்லல. பிஸ்கட் சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. நான் எழுதினேன்."

தங்கை தன் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்தின் சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் போன் பண்ணப்ப 'ம்'னு சொன்னியே, அது யோசிச்சுச் சொன்னதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"சரி. போ. நாளைக்கு வரும்போது சீப்பு எடுத்துட்டு வா."

அவள் திட்டியிருந்தால் சுருக்கம்மா அழுதுவிட்டு அதோடு விட்டிருப்பாள். தங்கை திட்டவில்லை. வாரியத்துக்கு வந்த கேடு அதுதான்.

மறுநாள் அவள் தங்கைக்காகப் புகார் கொடுக்கத் தன் சொந்த அலுவலகத்தின் தரைத்தளத்துக்குப் போனாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பக்கம் போனதே இல்லை. அங்கே படிவம் பதினான்கைக் கொடுத்தார்கள். "பாதிப்பு ஏற்படப் போவதை நோயாளி முதலில் அறிந்த தேதி" என்று ஒரு கட்டம். "பாதிப்பு: லேசானது / நடுத்தரம் / மரணம்" என்று ஒரு கட்டம். இணைப்புகள் பட்டியலில் முதலாவது, "உட்கொண்ட மாத்திரை, அசல்."

"உட்கொண்டது உள்ள போயிடுச்சேப்பா" என்றாள்.

எழுத்தர் பரிவாகப் பார்த்தார். "நகல் ஏதாவது இருக்கா?"

"மாத்திரைக்கு ஏது நகல்?"

"அப்ப 'அசல் கைவசம் இல்லை'ன்னு ஒரு உறுதிமொழி எழுதிக் குடுங்க. நோயாளி நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"ஆஸ்பத்திரில இருக்கா. எழுந்து நிக்க முடியல."

"எழுந்து நிக்க முடியலன்னா நடுத்தரம். டிக் பண்ணிக்கோங்க."

எப்படியோ படிவம் மேலே போனது. அடுத்த கூட்டத்தில் பொருள் எண் ஏழு, கொடியிடை குறித்த புகார்கள், மொத்தம் பதினேழு. பன்னிரண்டாவது அவள் தங்கையுடையது. அது குழுவில் யாருக்கும் தெரியாது. மாத்திரைக் கம்பெனிக்காரரும் சிறப்பு அழைப்பாளராக வந்திருந்தார். பிஸ்கட் அன்று அவர் வாங்கி வந்தது.

தலைவர் தொடங்கினார். "லட்சம் பேர் சாப்பிடறாங்க. புகார் பதினேழு. அதுல மூணு பேர் இப்ப உயிரோட இல்ல. அவங்க புகாரைக் குடும்பத்துல யாரோ குடுத்திருக்காங்க. சாப்பிட்டவன் ஒருத்தன், புகார் குடுக்கறவன் ஒருத்தனா? அந்த மூணையும் எடுத்துடுங்க."

"கையெழுத்தும் பொருந்தாது" என்றார் சட்ட ஆலோசகர். "இன்னொண்ணு. நாம பாதுகாப்பானதுன்னு எங்கயும் சொல்லல. ஆய்வு செய்யப்பட்டதுன்னுதான் சொன்னோம். ஆய்வு செஞ்சா பாதுகாப்புன்னு ஜனங்களா நினைச்சுக்கிட்டா வாரியம் என்ன பண்ணும்?"

பேராசிரியர் கண் விழித்தார். "பன்னிரண்டாவது நம்பர் அம்மாவுக்கு எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு?"

"ஏழு கிலோ, ஆஸ்பத்திரியில இருந்ததையும் சேர்த்து" என்றார் கம்பெனிக்காரர்.

"அப்ப மருந்து வேலை செஞ்சிருக்கே!" என்றார் பேராசிரியர். கண்ணை மூடிக்கொண்டார்.

கம்பெனிக்காரர் நெகிழ்ந்து போனார். "அதைத்தான் சார் நாங்களும் சொல்றோம். ஒருத்தர்கூட எடை ஏறிச்சுன்னு புகார் குடுக்கல."

"சரி, தலைவரே, உங்க வீட்ல எப்படி? சாப்பிடறாங்களா?" என்று சட்ட ஆலோசகர் விளையாட்டாகக் கேட்டார்.

தலைவர் பிஸ்கட்டைக் கடித்தபடி சொன்னார். "கேட்டா. வேணாம்னுட்டேன். நம்ம வீட்டுக்கு எதுக்கு ரிஸ்க்?"

எல்லோரும் சிரித்தார்கள். சுருக்கம்மாவின் பென்சில் மட்டும் சிரிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"முடிச்சுக்கலாமா? சுருக்கம்மா, நல்லதா ஒரு வரி போட்டுடுங்க."

மறுநாள் காலை அவள் கணினி முன் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் "புகார்கள் கனிவுடன்" வரை விரல்கள் அடித்துவிட்டன. அதை அழித்தாள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் இருந்ததை அப்படியே அடித்தாள். யார், என்ன, எந்த வார்த்தையில். பிஸ்கட் கடித்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் "பிஸ்கட்." கடைசியில் ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தாள்: "கொடியிடை மாத்திரை பற்றிய முந்தைய குறிப்பில் உள்ள 'முழுத் திருப்தி' என்ற வாக்கியத்தைக் குழுவில் யாரும் சொல்லவில்லை. அதை இட்டுக்கட்டியது நான். பரிசோதனைக்கூட அறிக்கையை அன்று யாரும் பார்க்கவில்லை, இன்று வரை பார்க்கவில்லை." கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். மொத்தம் நான்கு பக்கம்.

பக்கத்துக்குப் பக்கம் எல்லோரும் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. தாள்களைத் தலைவரிடம் கொண்டுபோனாள்.

"சார், ஒருதரம் படிச்சுப் பாத்துடுங்க."

"நீங்க எழுதினா நான் படிக்கணுமா? எத்தனை வருஷமா பாக்கறேன்."

"இந்தத் தடவை படிங்க சார்."

"நம்பிக்கைம்மா, நம்பிக்கை!" என்று நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். சட்ட ஆலோசகர், தலைவர் போட்டுவிட்டாரா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போட்டார். பேராசிரியர் ஐந்தாவதாக அவளுடைய நோட்டின் அட்டையிலும் போட்டுக் கொடுத்தார்.

மருந்துகள் பற்றிய முடிவுகளைச் சுற்றறிக்கையாக எல்லா மருந்துக்கடைகளுக்கும் அனுப்பி, முப்பது நாள் கடை வாசலில் ஒட்டி வைக்க வேண்டும் என்று இன்னொரு விதி உண்டு. தலைவர் பதவியேற்ற வருடம் கொண்டுவந்தது. சுற்றறிக்கையின் உச்சியில் அவருடைய புகைப்படம் இருக்கும். சுருக்கம்மா விதியை மீறவில்லை. நான்கு பக்கத்தையும் அப்படியே அனுப்பினாள். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினாள், கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவுக்கு.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது நாள் பல்பொடி வாங்கப் போன ஒரு பெண், வாசலில் நின்று சத்தமாகப் படித்தாள். பின்னால் நின்றவர்கள், "திரும்பப் படிங்க, அந்த ரிஸ்க் வரியைத் திரும்பப் படிங்க" என்றார்கள். ஊரில் உள்ள எல்லாக் கடை வாசலிலும் கூட்டம் கூடியது. கொடியிடைப் பெட்டிகள் மூட்டை மூட்டையாகக் கடைகளுக்குத் திரும்பின. தலைவருக்கு விஷயம் அவர் மனைவி மூலம்தான் தெரிந்தது. அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மனைவி சுற்றறிக்கையோடு வந்தார். "நல்லவேளைங்க, என்னை மட்டும் காப்பாத்தினீங்க. கீழ் வீட்டம்மா நாலு மாசமா சாப்பிடறாங்களே, அவங்க வாசல்ல நிக்கறாங்க. பேசணுமாம்."

சுருக்கம்மாவின் மேல் விசாரணை வந்தது. "தலைவர் பேசியதை அவர் பேசியவாறே பதிவு செய்து, அவருடைய மதிப்புக்குக் குந்தகம் விளைவித்தது" என்பது குற்றச்சாட்டு. வாரியத்தில் வேறு தட்டச்சர் இல்லாததால் குற்றப்பத்திரிகையை அவளே அடித்தாள். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள். விசாரணையில் நடப்பதைப் பதிவு செய்யவும் வேறு ஆள் இல்லை.

விசாரணை அதிகாரி தொண்டையைச் செருமினார். அவள் குனிந்து எழுதினாள்.

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலயே, என்ன எழுதறீங்க?"

"நீங்க செருமினதை சார்."

"அதெல்லாம் எதுக்கு? சரி. அவங்க பேசாததை எழுதிட்டீங்களா?"

"இல்ல சார். பேசினதுதான். அப்ப என் மேல குத்தம் என்ன சார்?"

அதிகாரி நல்ல மனிதர். யோசித்து, மனதில் பட்டதைச் சொன்னார். "உண்மையா இருக்கறதுதாம்மா குத்தம். பொய்யா இருந்தா ஒரு மறுப்பு போட்டு முடிச்சிருப்போம்." சொன்ன பிறகுதான் பென்சிலைப் பார்த்தார். "அதை அடிச்சிடுங்க."

"'அதை அடிச்சிடுங்க'ங்கறதையும் எழுதியாச்சு சார். எதை அடிக்கணும், முதல் வரியையா, ரெண்டாவது வரியையா?"

அதிகாரி மறுநாள் முதல் மருத்துவ விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக வந்தவர் முழு விசாரணையையும் கைச்சாடையில் நடத்தப் பார்த்தார். "அதிகாரி இரண்டு கைகளையும் விரித்தார். பிறகு தலையில் வைத்துக்கொண்டார்" என்று பதிவாகியிருக்கிறது. மூன்றாவது ஆளை யாரும் நியமிக்கவில்லை.

இதற்கு நடுவில் வாரியத்தின் அடுத்த கூட்டம் வந்தது. அன்று உள்ளே வந்தவர்கள் ஒருவருக்கொருவர் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. பொருள் பட்டியலைப் படிப்பது எப்போதும் சுருக்கம்மாவின் வேலை. படித்தாள். முதல் பொருளுக்குத் தலைவர் புருவத்தை உயர்த்தினார். சட்ட ஆலோசகர் தலையை ஆட்டினார். எந்தப் பக்கமாக என்று தெளிவாகவில்லை என்று அவள் குறித்துக்கொண்டாள். பேராசிரியர் தூங்கப் பயந்து விழித்துக்கொண்டிருந்தார்.

நான்காவது பொருள் வந்தது. மூன்று மாதம் முன்பே வந்து, உறை பிரிக்காமல் அலமாரியில் கிடந்த பரிசோதனைக்கூட அறிக்கையை அவள் எல்லோர் முன்னாலும் பிரித்தாள். மாத்திரையில் என்னென்ன கலந்திருக்கிறது, எது இதயத்தை என்ன செய்யும், யார் யார் தொடக் கூடாது என்று நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பன்னிரண்டாவது புகாரை நினைத்துக்கொண்டு ஒரு பத்தியை இரண்டு முறை படித்தாள். கடைசி வரியில் "தடை செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது" என்றிருந்தது. நிமிர்ந்தாள்.

"யாருக்காவது ஆட்சேபம் இருக்கா சார்?"

கம்பெனிக்காரர் எழுந்தார். வாயைத் திறந்தார். பென்சிலின் முனை நோட்டில் பதிவதைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். தலைவருக்கு முகம் சிவந்து, உதடு துடித்தது. ஒரு வார்த்தை தொண்டை வரை வந்து திரும்பிப் போனது கண்ணுக்கே தெரிந்தது. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது. அவள் முழுதாக ஐந்து நிமிடம் காத்திருந்தாள். அந்த ஐந்து நிமிடத்தைப் போல இனிப்பான எதையும் அவள் அந்த அறையில் அனுபவித்ததில்லை.

"ஆட்சேபம் இல்லாததால் தடை ஒருமனதாக நிறைவேறியது" என்று எழுதினாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்த முறை படித்துப் பார்த்துப் போட்டார்கள்.

தலைவரை என்ன செய்வது என்று மேலிடம் யோசித்தது. பதவியிலிருந்து நீக்கினால் ஏன் நியமித்தோம் என்று கேள்வி வரும். வைத்திருந்தால் கீழ் வீட்டம்மாவும் அவரைப் போன்ற பல்லாயிரம் பேரும் வாசலில் நிற்பார்கள். கடைசியில் ஓர் உத்தரவு வந்தது. "பொதுமக்களுடன் நேரடித் தொடர்பை வலுப்படுத்தும் பொருட்டு, தலைவர் அவர்கள் மறு உத்தரவு வரை தரைத்தளத்தில் அமர்ந்து, கொடியிடை குறித்த புகார்களைச் சொந்தக் கையெழுத்தில், புகார்தாரரின் சொற்களிலேயே எழுதிப் பெறுவார்." இதைக் கௌரவம் என்று மேலிடம் விளக்கியது. தலைவரும் அப்படியே சொல்லிக்கொண்டு கீழே இறங்கினார்.

முதல் நாளே வரிசை தெரு முனை வரை போயிருந்தது. தங்கையைச் சுருக்கம்மா கையைப் பிடித்து அழைத்து வந்தாள். வாசல் கதவிலிருந்து தலைவர் உட்கார்ந்திருந்த ஜன்னல் வரை பத்தடிதான். அதற்குள் இரண்டு இடத்தில் தங்கை நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். இனி எந்நாளும் இப்படித்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வரிசையில் இருந்தவர்கள் விலகி அவளை முதலில் விட்டார்கள்.

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். அருகில் நிற்பவளைக் கண்டதும் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது.

"சுருக்கம்மா, எனக்குக் கை வலிக்குது. நீங்க எழுதிடுங்களேன், பழக்கம்தானே?"

"சொந்தக் கையெழுத்துலன்னு உத்தரவு சார். நான்தான் டைப் பண்ணேன்."

"இவங்க யாரு?"

"பன்னிரண்டாவது நம்பர் சார். என் கூடப் பொறந்தவ."

தலைவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "சொல்லுங்கம்மா" என்றார், தாளைப் பார்த்தபடி.

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தாள். முதலாளி கோட்டு கொடுத்தது, பொத்தான் விழாதது, மருந்துக்கடையில் முத்திரையைப் பார்த்தது, அக்காவுக்குப் போன் செய்தது, முதல் மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கியது, ஒரு மணி நேரத்தில் வாய் உலர்ந்தது, கை நடுங்கி ஒரு கண்ணாடியைக் கீழே போட்டது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு வார்த்தையை விட்டபோதெல்லாம் நிறுத்தி, அதைச் சேர்க்கச் சொன்னாள். இரண்டு பக்கம் நிறைந்தது. மூன்றாவது தாளை எடுக்கும்போது அவர் விரலை உதறினார்.

"கொஞ்சம் சுருக்கமா சொல்லக் கூடாதாம்மா?"

"சுருக்கமா எழுதித்தான் சார் நான் இங்க வந்து உக்காந்திருக்கேன்."

அவர் பெருமூச்சு விட்டு எழுதினார். பின்னால் பெஞ்சுகளில் இருந்தவர்கள் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். யாருக்கும் அவசரமில்லை.

"சரிம்மா. அடுத்த நாள் என்னாச்சு?"

"இருங்க சார்" என்றாள் தங்கை. "முதல் நாள்ல இன்னும் மத்தியானமே ஆகல."